அரிப்பும் வெளிச்சமும்

தமிழில் வலிக்கு மரியாதை உண்டு. அரிப்புக்கு இல்லை. நோவு, வேதனை, துயரம், உளைச்சல் என்று வலியின் வம்சத்தில் பிறந்த சொற்கள் எல்லாம் எப்போதோ கவிதைக்குள் வந்து இடம்பிடித்துக்கொண்டுவிட்டன. அரிப்பின் வம்சத்தைப் பாருங்கள். தினவு என்றால் தோள் சண்டைக்குத் தயார். நமைச்சல் என்றால் சும்மா இருக்கத் தெரியாதவன். முதுகு சொறிதல் என்றால் நம் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் வரும் மதிப்புரை. அரிப்பு என்ற சொல்லோ, ஒரு பெண்ணைக் குறித்துச் சொல்லப்படும்போது, தெருச் சண்டையில் கடைசியாக எறியப்படும் கல். அதற்குப் பிறகு பேச்சு இல்லை, கைகலப்புதான்.

1926இல் வர்ஜீனியா வுல்ஃப் நோயுற்றிருப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலைச் சொல்ல இங்கிலீஷில் கவிகள் இருக்கிறார்கள், தலைவலியைச் சொல்லத்தான் வார்த்தை இல்லை என்பது அதில் அவருடைய புகார்களில் ஒன்று. எங்கள் பி.ஏ. பாடத்தில் வுல்ஃப் இருந்தார், இந்தக் கட்டுரை இல்லை. பின்னால் தேடிப் படித்தேன். என் புகார் அவருடையதிலிருந்து வேறு. எங்களுக்கு வார்த்தை இருக்கிறது. அதை ஒரு பெண்பிள்ளை வாயால் சொல்ல முடியாதபடி ஆக்கி வைத்திருக்கிறோம். இதன் விளைவு இலக்கிய விஷயம் மட்டுமாக இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் அம்மாவுக்கு 56 வயதில் ஆரம்பித்தது. முதலில் உள்ளங்கை. உள்ளங்கை அரித்தால் பணம் வரும் என்பது நம்பிக்கை. மகன் பாங்க் குமாஸ்தா. ஆகவே எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தாள். அடுத்து உள்ளங்கால். அதற்கும் ஒரு பலன் உண்டு, பிரயாணம். அதற்கும் சிரிப்பு. பிறகு இரவுகள் வந்தன. அம்மா கட்டிலை விட்டுச் சிமெண்ட் தரைக்கு வந்தாள். தரையை விட்டுக் குளியலறைக்கு வந்து பக்கெட் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். சூட்டில் அது கூடும், குளிர்ச்சியில் கொஞ்சம் அடங்கும். சீப்பு, தேங்காய் நார், கரண்டிக் காம்பு எல்லாம் இரவில் இடம் மாறியிருக்கும். திருவிழாக் கடைகளில் விற்கிற முதுகு சொறியும் பிளாஸ்டிக் கையை மட்டும் வாங்க விடவில்லை. அது வீட்டில் கிடந்தால் வருகிறவர்கள் கேட்பார்களாம்.

டாக்டரிடம் போனபோது அம்மா, "உடம்பெல்லாம் எரியுது" என்றாள். எரிச்சல் கௌரவமான சொல். கோயிலிலும் சொல்லலாம், ஆஸ்பத்திரியிலும் சொல்லலாம். எரிகிறது என்றவளுக்கு எரிச்சலுக்கு மருந்து தந்தார்கள். இரண்டாமவர் கையில் நகக்கீறலைப் பார்த்துச் சிரங்குக்குக் களிம்பு எழுதினார். மூன்றாமவர், வயது அப்படி, கவலை வேண்டாம் என்றார். இப்படி ஏழு மாதம். நான்காவதாகப் பார்த்தது வயதான ஒரு பெண் டாக்டரை. அவர் தோலைப் பார்க்கவில்லை. "ராத்திரி அதிகமா? உள்ளங்கை உள்ளங்காலில் ஆரம்பிச்சுதா? அரிப்புத்தானே அது?" என்றார். அம்மா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆமாம்மா, அரிப்புத்தான்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை.

நோயின் பெயர் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ். உடம்பின் தற்காப்புச் சக்தி, ஈரலுக்குள் இருக்கும் மிகச் சிறிய பித்தக் குழாய்களைத் தன் எதிரி என்று நினைத்து அழிக்கிறது. பித்தம் போக வழியின்றித் தேங்குகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் நடுவயதுப் பெண்கள். இந்நோய்க்கு 2015 வரை வேறு பெயர், கடைசியில் சிரோசிஸ் என்று முடியும். நோயாளிகள் சேர்ந்து கேட்டதன் பேரில் அது மாற்றப்பட்டது. அநேகம் பேருக்கு ஈரல் அந்த அளவுக்குக் கெட்டுப்போவதில்லை என்பது ஒரு காரணம். சிரோசிஸ் என்றாலே குடிகாரன் நினைவு வருகிறது, குடிக்காத பெண்கள் பதில் சொல்லி மாளவில்லை என்பது இன்னொரு காரணம். ஒரு சொல் நோயாளியின் மேல் வைக்கும் பாரத்தை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டு அந்தச் சொல்லையே கழற்றிப் போட்டது. மொழியே தொழிலாகக் கொண்ட நாம் இப்படி எந்தச் சொல்லைக் கழற்றியிருக்கிறோம்?

அரிப்பு எங்கிருந்து வருகிறது? பித்த உப்பு ரத்தத்தில் சேர்ந்து தோலில் படிவதால் என்று வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் உப்பு அதிகமாக இருப்பவர் நிம்மதியாகத் தூங்குகிறார், குறைவாக இருப்பவர் தோலைப் பிய்த்துக்கொள்கிறார். கணக்கு ஒத்துவரவில்லை. 2010இல் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆராய்ச்சிக் குழு, ரத்தத்தில் உள்ள ஆட்டோடாக்ஸின் என்ற நொதியின் வேகமும் அரிப்பின் கடுமையும் சேர்ந்தே ஏறி இறங்குவதைக் கண்டது. அதோடும் கதை முடிந்துவிடவில்லை. அரிப்பு என்பது சின்ன வலி என்ற பழைய எண்ணமும் போய்விட்டது. 2007இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில், தண்டுவடத்தில் ஒரு குறிப்பிட்ட ஏற்பி இல்லாத எலிகளுக்கு அரிப்பு வெகுவாகக் குறைவதையும், வலி மட்டும் எப்போதும்போல் இருப்பதையும் காட்டினார்கள். அரிப்புக்கு அதன் சொந்தப் பாதை இருக்கிறது. வலியின் ஏழைப் பங்காளி அல்ல அது.

மருந்துகள் ஒரு வரிசையில் வருகின்றன. முதலில் கொலஸ்டிரமின் என்ற தூள். குடலில் பித்த உப்பைப் பிடித்து வெளியேற்றும். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். அம்மாவின் நாள் ரயில்வே அட்டவணை மாதிரி ஆயிற்று. வயிறு உப்பியதுதான் மிச்சம். அடுத்து ரிஃபாம்பிசின். காசநோய் மருந்து, இதற்கும் கேட்கும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். மாத்திரை அட்டையைப் பார்த்த உறவினர் ஒருவர் தம்ளரை இரண்டு தடவை கழுவிவிட்டுக் காபி குடித்தார். மூன்று வாரம் நன்றாக இருந்தது. பிறகு ஈரலையே அது தொந்தரவு செய்வதாகப் பரிசோதனை சொல்லிற்று. நிறுத்தினார்கள். எதற்கும் அடங்காத அரிப்பு ஒன்றே போதும், ஈரல் மற்ற வேலைகளைச் செய்துகொண்டிருந்தாலும் மாற்று ஈரல் வைப்பது பற்றி யோசிக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நான் பயந்தேன். அம்மாவோ, "அவ்வளவு பெரிய வியாதியா இது?" என்றாள். அந்தக் குரலில் பயத்தை விட அதிகமாக இருந்தது ஆறுதல். அவளை யாரும் இதுவரை அவ்வளவு தூரம் நம்பவில்லை.

மாற்று ஈரலுக்கு முன் ஒன்று செய்து பார்க்கலாம், வெளிச்சம் என்றார் டாக்டர்.

அப்பா கேட்டார்: "திருச்சியில் வெயிலுக்கா பஞ்சம்?" நியாயமான கேள்வி. பூமிக்கு வந்து சேரும் புறஊதாக் கதிரில் 'பி' வகை சுமார் 5 சதவீதம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகப் போய் நின்றால் கூடவே வெப்பமும் வரும். வெப்பம் இந்த அரிப்பைக் கிளப்பிவிடும். ஆஸ்பத்திரி விளக்கு 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும் தருகிறது. சூரியனிடமிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை மேற்கோள் எடுப்பது மாதிரி.

வெளிச்சத்துக்கும் ஈரலுக்கும் உறவு பழையது. ஒளிச் சிகிச்சைக்கு நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் ஃபின்சென் 1860இல் ஃபரோ தீவுகளில் பிறந்தவர். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இல் பரிசு, மறு ஆண்டு மரணம். அவருக்கே ஈரல், இதயம், மண்ணீரல் இவற்றின் மேலுறை தடித்துப்போகும் நோய். வடக்குப் பார்த்த வீட்டில் ரத்தசோகையோடும் சோர்வோடும் வாழ்ந்தவர், வெயில் கிடைத்தால் தேறுவோமோ என்று நினைத்ததில்தான் அவருடைய ஆராய்ச்சி தொடங்கிற்று. 1956இல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளை நல்ல வெயில் நாட்களில் தோட்டத்துக்கு எடுத்துப் போகும் வழக்கம் ஒரு தலைமை நர்ஸுக்கு இருந்தது. அப்படிப் போய்வந்த ஒரு குழந்தையின் உடம்பில் மஞ்சள் வெளுத்திருந்தது. ஒரு முக்கோணம் மட்டும் பழைய மஞ்சளாகவே இருந்தது. அந்த இடத்தைத் துணியின் மூலை மூடியிருந்தது. பச்சைக் குழந்தைகளின் காமாலைக்கு இன்று உலகமெங்கும் எரிகிற நீல விளக்குகளின் கதை அங்கே ஆரம்பிக்கிறது. அங்கே வெளிச்சம் செய்வது தெளிவு. மஞ்சள் நிறமியின் வடிவத்தை மாற்றி, ஈரல் இன்னும் கற்றுக்கொள்ளாத வேலையைத் தோலிலேயே சுலபமாக்குகிறது.

அந்த முக்கோணத்தைப் படித்தபோது அம்மாவின் முதுகு ஞாபகம் வந்தது. டாக்டர் காட்டியிருந்தார். முதுகெங்கும் கீறலும் கருமையும். மேல்முதுகின் நடுவில் மட்டும் பட்டாம்பூச்சி இறக்கை விரித்த மாதிரி பழைய நிறம். கை எட்டாத இடம். 1973இல் ஓர் அமெரிக்க மருத்துவர் இதற்குப் பட்டாம்பூச்சிக் குறி என்றே பெயர் வைத்து எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் அரிக்காமல் இல்லை, சொறிய முடியவில்லை. அவ்வளவுதான். குழந்தையின் முக்கோணம் வெளிச்சம் தொடாத இடம், அம்மாவின் பட்டாம்பூச்சி கை தொடாத இடம். இரண்டிலும் சேதி இருந்தது தொடப்படாத இடத்தில். நான் படித்த எந்தப் படிமத்தையும் விட இவ்விரண்டும் மேலானவை. எந்தக் கவிஞனும் இவற்றைச் செய்யவில்லை.

ஈரல் நோயின் அரிப்புக்குப் புறஊதா ஒளி பற்றி 1980இல் ஹனீத், லெவி என்ற இருவர் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 2012இல் பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து 13 நோயாளிகளின் விவரம் வந்தது. 10 பேருக்கு அரிப்பு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. ஆக, ருசு என்று சொல்வதற்கில்லை, நம்பிக்கை என்று சொல்லலாம். எப்படி வேலை செய்கிறது? இந்தக் கதிர் மேல்தோலைத் தாண்டி அதிக தூரம் போவதில்லை. ஈரலை எட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தோலின் மேலடுக்கில் உள்ள நரம்பு நுனிகளைக் குறைக்கிறது, தற்காப்பு அணுக்களை அடக்குகிறது என்று விளக்கங்கள் உண்டு. ஆனால் 1970களின் இறுதியில் பார்பரா கில்க்ரெஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர் சிறுநீரக நோயாளிகளின் அரிப்புக்கு இதே வகை ஒளியை உடம்பின் ஒரு பாதியில் மட்டும் காட்டிப் பார்த்தபோது, காட்டாத பாதியிலும் அரிப்பு குறைந்தது. 2001இல் நோரா பெர்காசாவின் குழு ஈரல் நோயாளிகள் சிலருக்குத் தோலை விட்டுவிட்டுக் கண்களை நோக்கி 10,000 லக்ஸ் வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தது. சொறிவதில் ஒரு நாள் சுழற்சி இருக்கிறது, கண் வழியாக அதை மாற்ற முடியுமா என்பது அவர்கள் யோசனை. அவர்களே, சொறிவதை அளக்க விரல் நகத்தில் ஒட்டும் ஓர் உணர்கருவியையும் பயன்படுத்தினார்கள். நோயாளியின் வாய்ச்சொல்லை நம்பாத உலகத்துக்கு நகத்தின் சாட்சி.

எங்கள் ஆஸ்பத்திரியில் நகக் கருவி கிடையாது. ஒரு தாளில் பூஜ்யத்திலிருந்து பத்து வரை கோடு. இன்றைக்கு எத்தனை என்று கேட்பார்கள். நாள் முழுவதும் எண்களோடு உட்காருகிற என்னாலேயே பதில் சொல்லியிருக்க முடியாது. அம்மா, "எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது, நேத்து மூணு தடவை எழுந்தேன், போட்டுக்கோங்க" என்பாள். அந்தப் பெண் ஏழு என்று போட்டுக்கொள்ளும்.

வாரம் மூன்று நாள். ஒரு மணி நேர அனுமதி வாங்கி, கௌண்டரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். வராந்தாவில் காத்திருப்பவர்கள் வெண்புள்ளிக்காரர்கள், சோரியாஸிஸ்காரர்கள். அவர்கள் நோய் வெளியே தெரியும். பார்த்த மாத்திரத்தில் தெரியும் நோயால் அவர்கள் படுகிற பாடு தனி. முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பையன் அம்மாவிடம், "உங்களுக்கு என்ன ஆன்ட்டி, ஒண்ணுமே இல்லையே?" என்றான். அம்மா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அவனுக்கு இழந்த நிறத்தைத் திருப்பித் தரவும், அம்மாவுக்கு இழந்த தூக்கத்தைத் திருப்பித் தரவும் அதே கூண்டு, அதே குழல்கள்.

கூண்டு ஓர் ஆள் நிற்கும் உயரம். உள்ளே சுற்றிலும் டியூப் லைட் மாதிரி குழல்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு புடைவையைக் களைந்துவிட்டு நிற்க வேண்டும். முதல் நாள் அம்மா திரும்பிவிடலாம் என்றாள். நர்ஸ் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். நான் வெளியே. விசிறிச் சத்தம். மேலே திறந்திருந்த இடம் வழியாகக் கூரையில் ஊதா கலந்த நீலம். ஒரு நிமிஷம்கூட இல்லை, முடிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் சில விநாடிகள் கூட்டுவார்கள். கூடிப்போனால் தோல் சிவந்து எரியும். ஆகவே அதைச் சொல்ல வேண்டும். எரிந்தால் எரிகிறது என்றும் அரித்தால் அரிக்கிறது என்றும் சொல்ல வேண்டும், மாற்றிச் சொன்னால் கணக்கு தப்பும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். 56 வருஷம் அடக்கிய சொல்லை வாரம் மூன்று தடவை சொல்ல வேண்டிவந்தது.

உடம்பு கறுத்தது. விசாரித்தவர்களுக்கு அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். ஐந்தாவது வாரத்தில் ஓர் இரவு குளியலறையில் பக்கெட் சத்தம் கேட்கவில்லை. நான் விழித்திருந்தேன். இந்நோய் முற்றி ஈரல் கைவிடும் கட்டத்தில் அரிப்பு தானாகவே குறைவதுண்டு என்று படித்திருந்தேன். ஆக அந்த நிசப்தத்துக்கு இரண்டு அர்த்தம். சந்தோஷப்படுவதா, எழுந்து போய்ப் பார்ப்பதா? எழுந்து போனேன். அம்மா கட்டிலில், வாய் சற்றுத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ரத்தம் எடுத்தார்கள். ஈரல் இருந்தபடியே இருந்தது. சற்றும் தேறவில்லை, சற்றும் மோசமாகவில்லை. தூக்கம் வெளிச்சம் தந்ததுதான்.

மேற்பரப்பு என்ற சொல்லை நாம் விமர்சனத்தில் வசவாகவே வைத்திருக்கிறோம். மேம்போக்கு, மேலோட்டம், மேல்பூச்சு. ஆழம் என்றால் உடனே எழுந்து நிற்கிறோம். ஈரலைத் தொடாத சிகிச்சையை இந்த அளவுகோலால் அளந்தால் அது போலி. வேர் அப்படியே இருக்கிறதே என்போம். ஆனால் அம்மா வாழ்வது ஈரலில் அல்ல, தோலில். பாதி உடம்பில் விழுந்த வெளிச்சம் மறு பாதியைச் சாந்தப்படுத்துகிறது என்றால், தோல் எங்கே முடிகிறது, உள் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போடும் அதிகாரம் நமக்கு யார் கொடுத்தது?

தாந்தே தன் நரகத்தில் போலி ரசவாதிகளுக்குக் கொடுத்த தண்டனை தீராத அரிப்பு. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்து தோலைப் பிறாண்டிக்கொள்கிறார்கள். அவனுக்கு அதன் கொடுமை தெரிந்திருக்கிறது. ஆனால் அங்கும் அது பாவத்தின் சம்பளம். 1978இல் சூசன் சொன்டாக் நோயை உருவகமாக்காதே என்று எழுதியபோது காசநோயையும் புற்றுநோயையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். அரிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு உருவக அந்தஸ்துகூடக் கிடைத்ததில்லை. வெறும் வசவு. நம் புதுக்கவிதையும் இதில் சளைக்கவில்லை. காமத்தை ஏளனம் செய்யவும், எதிரணி எழுத்தாளனைக் குத்தவும் அச்சொல்லை எடுத்துக்கொண்டோம். துணிச்சல் என்று பாராட்டியும் கொண்டோம். அந்தத் துணிச்சலின் விலையில் ஒரு பங்கை ஏழு மாதம் ஒரு பெண் பக்கெட் தண்ணீரில் கால் வைத்தபடி கொடுத்திருக்கிறாள்.

வெளிச்சத்தை நிறுத்தினால் அரிப்பு திரும்பும். திரும்பியது. இப்போது வாரம் ஒரு நாள் போகிறோம். வாழ்நாள் முழுக்க இப்படிப் போக முடியாது, தோல் தாங்கும் மொத்த அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் வேறு மருந்து வரலாம். வராவிட்டால் பழைய பேச்சுக்கே திரும்ப வேண்டும். போன வாரம் அந்த முழுக்கைச் சட்டைப் பையன் மறுபடி வந்திருந்தான். நெற்றியில் நிறம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. அம்மா அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அன்றைக்குக் கேட்டாயே என்று ஆரம்பித்து, "எனக்கு ஈரல்ல கோளாறு. அதனால உடம்பெல்லாம் அரிப்பு" என்றாள். வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.